இவரும் பல்லைக் கடிப்பார்

பேக்கரிக்காரர் முதலில் அதை எலி என்றுதான் நினைத்தார்.

நல்ல மத்தியானம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தரையில் விரிப்பைப் போட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். ஊர் உறங்கும்போது எழுந்து போய் மாவு பிசைந்து, விடிவதற்குள் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டுகளை இழுத்து, கடைகளுக்கு ஏற்றி அனுப்பிவிட்டு வருகிறவருக்கு ராத்திரி என்பதே மத்தியானத்தில்தான் வரும். தலைமாட்டில் மேளம் கொட்டினாலும் எழுந்திருக்காத ஆள். ஆனால் இந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. யாரோ இரண்டு கூழாங்கற்களை ஒன்றோடொன்று வைத்து விடாமல் அரைக்கிற மாதிரி. கொஞ்சம் நிற்கும். அப்பாடா என்று கண்ணை மூடினால் மறுபடி ஆரம்பிக்கும்.

எழுந்தார். அலமாரியில் காதை வைத்துக் கேட்டார். துணிக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். கடைசியில் கையில் ஒற்றைச் செருப்போடு பூனை மாதிரி நடந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்தபோதுதான் சத்தம் தன் தலைக்கு மேலிருந்து வருவது தெரிந்தது.

கட்டிலில் மிளகு தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து மூடியது. மூடும்போதெல்லாம் தாடை பக்கவாட்டில் இழுபட்டு, அந்த இத்துனூண்டு வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வந்தது. ஐந்தரை வயதுக் குழந்தையின் கன்னத்தில் ஒரு முடிச்சு எழும்புவதும் அமுங்குவதுமாக இருந்தது. பேக்கரிக்காரர் செருப்பைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எலி என்றால் அடித்துத் துரத்தலாம். இதை என்ன செய்வது?

மிளகு அவர் பெற்ற பெண் இல்லை. பிறந்தபோது கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சிறிதாக இருந்ததால் அவள் அம்மா வைத்த செல்லப்பெயர் அது. பேச ஆரம்பித்த பிறகு வேறு காரணத்துக்காகவும் அந்தப் பெயர் பொருந்திப்போனது. அவள் அம்மா செருப்புக்கடையில் வேலை பார்ப்பவள். குழந்தைகள் பிரிவு. ஒரு பிள்ளையின் பாதத்தைக் கையில் ஏந்தினாலே அளவு சொல்லிவிடுவாள். தினமும் வேலைக்குப் போகிற வழியில் மிளகைக் கூட்டிக்கொண்டு பேக்கரிக்கு வருவாள். உள்ளே மாவும் வியர்வையுமாக நிற்கிற ஆள், கல்லாவில் இருப்பவரையும் தாண்டி வந்து குழந்தையின் கையில் சூடான பன் ஒன்றைக் கொடுப்பார். அப்படித்தான் எல்லாம் தொடங்கியது. ஐந்து மாதத்துக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு பெட்டியும் ஒரு தலையணையுமாக அவர்களுடைய வீட்டுக்கே குடிவந்துவிட்டார்.

அதில்தான் ஒரு சங்கடம். பேக்கரியில் பார்த்த நாட்களில் மிளகு அவரை 'பன் மாமா' என்பாள். கல்யாணத்துக்குப் பிறகு, "இனிமே மாமா இல்ல, அப்பான்னு கூப்பிடணும்" என்றாள் அம்மா. "வாய்க்கு எது வருதோ அப்படியே கூப்பிடட்டும், விடு" என்றார் இவர். நடுவில் மாட்டிக்கொண்ட குழந்தை மாமாவையும் விட்டுவிட்டாள், அப்பாவையும் தொடவில்லை. "இங்க பாருங்க" என்பாள். "உங்களைத்தான்" என்பாள். ரொம்ப அவசரம் என்றால் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

அம்மா கடையிலிருந்து திரும்ப இருட்டிவிடும். மத்தியானம் பள்ளி வேனிலிருந்து மிளகை இறக்கி, சோறு போட்டுத் தூங்கவைப்பது பேக்கரிக்காரரின் பொறுப்பு. அதனால் அந்த வீட்டில் தினமும் மத்தியானம், இன்னும் சரியாக அறிமுகம் ஆகாத இரண்டு பேர் ஒரே அறையில் தூங்கினார்கள்.

அன்று இருட்டியபின் மனைவியிடம் எலிக்கதையைச் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

"அதுவா? அவ ரொம்ப நாளாவே கடிக்கிறா. வயித்துல பூச்சி இருந்தா அப்படித்தான்னு எல்லாரும் சொன்னாங்க. பூச்சி மருந்து குடுத்தாச்சு. நிக்கல. நான் படுத்தா பிணம் மாதிரி தூங்கிடுவேன், எனக்குப் பழகிடுச்சு."

"காதை வேற அடிக்கடி தேய்ச்சுக்கிறா."

"அதுக்கும் சொட்டு மருந்து விட்டேன். காதுல ஒண்ணுமில்லன்னுட்டாங்க."

ஒன்றுமில்லை என்றால் சரி என்று அவரும் விட்டிருப்பார். ஆனால் அந்த வாரத்திலேயே எறும்புகள் காட்டிக்கொடுத்துவிட்டன.

தினமும் வரும்போது மிளகுக்கு ஒரு பன் கொண்டுவருவார். கடைக்குப் போகிற பன் இல்லை. அவளுக்கென்றே தனியாக உருட்டி, அடுப்பின் ஓரத்தில் வைத்து, மேல்தோல் மொறுமொறுவென்று பொன்னிறமாக ஆகும்வரை காத்திருந்து எடுக்கிற பன். அவளும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் சுவரில் எறும்பு வரிசையைப் பார்த்து அதன் பின்னாலேயே போனால், திரைச்சீலைக்குப் பின்னால் வரிசையாகப் பன்களின் தொப்பிகள். உள்ளே இருந்த மெத்தென்ற பகுதியைத் தின்றுவிட்டு, மேல்தோலை அப்படியே கழற்றி ஒளித்துவைத்திருந்தாள்.

பேக்கரிக்காரருக்கு மனசு சுருக்கென்றது. நான் கொடுப்பது அவளுக்கு இறங்கவில்லை போலிருக்கிறது, நானே இறங்காதபோது பன் எப்படி இறங்கும் என்று என்னென்னவோ ஓடியது. ஆனாலும் குரலை மாற்றாமல் கேட்டார்.

"மிளகு, பன் பிடிக்கலையா?"

"பிடிக்கும்."

"அப்புறம் ஏன் மேல இருக்கறதை மட்டும் இங்க வெச்சிருக்க?"

அவள் மாட்டிக்கொண்டவளாகத் தரையைப் பார்த்தாள். "அதைக் கடிக்க வேண்டியிருக்கு."

"கடிச்சா என்ன?"

"என் வாய் டயர்டா இருக்கு."

"வாய் டயர்டா?"

"காலையில எழுந்திருக்கும்போதே டயர்டா இருக்கு. இங்க." காதுக்கு முன்னால், தாடை திரும்புகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். "ஐஸ்கிரீம் சாப்பிட்டா கூச்சமா இருக்கு. அம்மாகிட்ட சொல்லாதீங்க, ஐஸ்கிரீம் வாங்கித் தர மாட்டாங்க."

பேக்கரிக்காரர் குனிந்து, அவள் காட்டிய இடத்தில் இரண்டு விரலை மெதுவாக வைத்தார். வாழ்நாளெல்லாம் மாவு பிசைந்த கை. பிசைந்த மாவை ஓய்வெடுக்க விடாமல் மறுபடி மறுபடி அடித்தால் அது எப்படி விறைத்துப்போய்த் திமிறும் என்று அந்தக் கைக்குத் தெரியும். குழந்தையின் கன்னத்துத் தசை அப்படித்தான் இருந்தது. இந்தப் பிள்ளை தூங்கவில்லை, தூக்கத்தில் வேலை பார்க்கிறாள் என்று தோன்றியது அவருக்கு.

பள்ளிகள் திறந்த சமயம். செருப்புக்கடையில் மூச்சுவிட நேரமில்லை, லீவு கேட்டால் முதலாளி முறைப்பார். "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் பேக்கரிக்காரர்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். நாற்காலியை ஏற்றி இறக்கிக் காட்டி முதல் நிமிடத்திலேயே மிளகைத் தன் கட்சிக்கு இழுத்துவிட்டார். நாற்காலி மேலே போகும்போதெல்லாம் மிளகு பெருமையோடு பேக்கரிக்காரரைக் குனிந்து பார்த்தாள்.

"ஆ காட்டு. இன்னும் பெருசா. முதலை மாதிரி. ஆங்... இங்க ஒரு கூர்ப்பல் இருக்கணுமே, அதோட முனை எங்க போச்சு?"

"ஆன் இங்கலை" என்றாள் மிளகு, வாயைத் திறந்தபடியே. நான் முழுங்கலை என்று அர்த்தம்.

டாக்டர் சிறிய கண்ணாடியை உள்ளே பிடித்துப் பேக்கரிக்காரரைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். குழந்தைப் பல்லில் மேடு பள்ளம் இருக்க வேண்டிய இடமெல்லாம் தட்டையாக வழித்துவிட்டாற்போல் இருந்தது. முன்பல் ஒன்றின் ஓரத்தில் அரிசி நுனி அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. மேல்பூச்சு தேய்ந்துபோனதால்தான் கூச்சம், ராத்திரியெல்லாம் தாடை இழுத்து இழுத்துத்தான் காலையில் கன்னவலி, அந்த வலிதான் காதுவலி மாதிரித் தெரிகிறது என்று பொறுமையாகச் சொன்னார் டாக்டர். காதில் மருந்து விட்டால் எப்படிப் போகும்?

"நிறைய குழந்தைங்க கடிக்கும். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிறப்போ பெரும்பாலும் தானா நின்னுடும். பயப்படாதீங்க. வீட்டுல வேற யாராவது பல்லைக் கடிக்கிறாங்களா?"

"இல்லைங்க" என்றார் பேக்கரிக்காரர்.

"இவரும் பல்லைக் கடிப்பாரு" என்றாள் மிளகு.

"யாரு, நானா?"

"ஆமா. மத்தியானம் தூங்கும்போது. டர்ரு டர்ருன்னு. எனக்கு முழிப்பு வந்துடும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், திரும்பிப் படுத்துக்குவேன்."

பேக்கரிக்காரர் திகைத்துப்போனார். தான்தான் அவளுடைய சத்தத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். டாக்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீங்களும் ஒரு தடவை உக்காருங்க, பார்க்கலாம்" என்று நாற்காலியைக் காட்டினார். மிளகு இறங்கி இடம் விட்டாள். அவர் வாயைத் திறந்தார்.

"அடடா! அப்படியே அச்சுல வார்த்த மாதிரி! அதே இடத்துல தேய்மானம். அப்பாவும் பொண்ணும் சரியான ஜோடி. இது பரம்பரையா வர்றதுதான். நான்கூட மூக்கு, தொண்டை எதையாவது பார்க்கச் சொல்லணுமோன்னு யோசிச்சேன். அப்பாவுக்கே இருக்கும்போது அதுதான் காரணம், வேற எதையும் தேட வேணாம்."

அந்த நேரத்தில் பேக்கரிக்காரரின் வாய்க்குள் கண்ணாடி இருந்தது, அதனால் அவரால் பேச முடியவில்லை. கண்ணாடியை எடுத்த பிறகும் அவர் பேசவில்லை. ஏனென்றால் மிளகின் முகத்தைப் பார்த்துவிட்டார். பந்தயத்தில் ஜெயித்தவள் என்று தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் அது மலர்ந்திருந்தது.

வலிக்கிற நாளில் மெத்தென்ற சாப்பாடு கொடுங்கள், கன்னத்தில் வெதுவெதுப்பாக ஒத்தடம் வையுங்கள், தூங்கப் போகும்முன் ஓட்டமும் சண்டையும் வேண்டாம், கடிக்கிறாள் என்று திட்டாதீர்கள், தட்டி எழுப்பாதீர்கள் என்று டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

தெருவில் நடக்கும்போது மிளகு கேட்டாள்.

"பரம்பரைன்னா என்ன?"

"அது வந்து... ஒரு வீட்டுல ஒருத்தர்கிட்ட இருக்கறது இன்னொருத்தருக்கும் வர்றது."

"என் கண்ணு அம்மா மாதிரி இருக்குன்னு சொல்றாங்களே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

"அப்போ கண்ணு அம்மாவோடது, பல்லு உங்களோடது." கணக்கைத் தீர்த்துவிட்ட திருப்தியோடு அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். தெருவைக் கடக்கும்போது மட்டும் பிடிப்பாள், கடந்ததும் விட்டுவிடுவாள். அன்று வீடு வரைக்கும் விடவில்லை.

அடுத்த நாளுக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. வேன் டிரைவரிடம் வாயைத் திறந்து காட்டினாள். வகுப்பு டீச்சரிடம் சொன்னாள். பக்கத்து வீட்டு அத்தையிடம், "எனக்குப் பரம்பரைப் பல்லு" என்று அறிவித்தபோது அந்த அம்மாள் அதை ஏதோ நகை என்று நினைத்துக்கொண்டு, "பத்திரமா வெச்சுக்கோ" என்றாளாம்.

கடையிலிருந்து வந்த மனைவி எல்லாவற்றையும் மிளகின் வாயாலேயே கேட்டாள். கேட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திச் சமையலறைக்குள் போனாள். குழந்தை படம் வரைய உட்கார்ந்த பிறகு பேக்கரிக்காரர் பின்னாலேயே போனார். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"எதை?"

"எதைன்னு தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"வாய்க்குள்ள கண்ணாடி வெச்சிருந்தாங்க."

"எடுத்தப்புறம்?"

அவர் ஈரத் துணியால் ஏற்கெனவே துடைத்த மேடையை மறுபடி துடைத்தார். "அவ மூஞ்சியைப் பார்த்தேன். அதுக்கப்புறம் சொல்ல வாய் வரல."

"அவ ஆசைப்பட்டான்னு சொல்லாம விட்டீங்களா? இல்ல, நீங்க ஆசைப்பட்டீங்களா?"

"ரெண்டும்தான்."

கத்தி நின்றது. கோபிக்கத் தயாராக இருந்தவள் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. குரல் தணிந்தது.

"அவருக்குச் சின்ன வயசுல மூக்குல ஆபரேஷன் நடந்திருக்குங்க." அந்த வீட்டில் பெயர் சொல்லாமல் 'அவரு' என்றால், மிளகு நடக்கப் பழகும்போது வேறு ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட ஆள் என்று இருவருக்கும் தெரியும். "மூக்குக்குப் பின்னாடி சதை வளர்ந்து மூச்சு அடைச்சுக்குமாம். அவங்க அம்மா சொல்லியிருக்காங்க. இவளும் வாயைத் திறந்துட்டுத்தான் தூங்குறா. எப்பப் பாரு மூக்கடைப்பு. டாக்டர் மூக்கைப் பார்க்கணும்னு நெனைச்சாங்கன்னு அவளே சொன்னா. உங்க பல்லைப் பார்த்துட்டுத்தானே வேணாம்னு விட்டுட்டாங்க?"

பேக்கரிக்காரர் துணியைக் கீழே வைத்தார். ஒரு நிமிடச் சந்தோஷத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது, குழந்தையின் மூச்சில் போய் நிற்கும் என்று அவர் எங்கே நினைத்தார்?

மறுநாள் காலையில் கடைசித் தட்டு ரொட்டியை ஏற்றி அனுப்பியதும் குளிக்கக்கூட நிற்காமல் நேராக டாக்டரிடம் போனார். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. பல் பிடுங்க வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போய் நின்றுகொண்டே சொன்னார்.

"நான் அந்தக் குழந்தையைப் பெத்தவன் இல்லைங்க. அவ அம்மாவைக் கட்டிக்கிட்டு அஞ்சு மாசம்தான் ஆச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. பெத்தவருக்குச் சின்ன வயசுல மூக்குல சதை எடுத்திருக்காம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உக்காருங்க. நானும் கேக்காமலே முடிவு பண்ணிட்டேன், அது என் தப்பு. குறட்டை விடுவாளா?"

"லேசா. வாய் திறந்துதான் இருக்கும்."

"காலையில எழுந்ததும் வாய் காய்ஞ்சிருக்கா? தண்ணி கேக்குறாளா?"

"கேக்குறா."

"நல்லவேளை வந்தீங்க. மூக்கு வழியா மூச்சு சரியா வராத குழந்தைங்க சிலது தூக்கத்துல இப்படிப் பல்லைக் கடிக்கும். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருத்தரைச் சொல்றேன், காட்டிடுங்க."

சரி என்றவர் எழுந்திருக்கவில்லை. தலையிலிருந்து எடுத்த பேக்கரித் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு கேக்கணும். நான் அந்த வீட்டுக்கு வந்ததாலதான் அவ கடிக்கிறாளோ? புது ஆளுன்னு பயம், மனசுக்குள்ள அடக்கி வெச்சுக்கிட்டு..."

"வீட்டுல ஏதாவது மாறினா சில பிள்ளைங்க கடிக்கிறது உண்டு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தத் தேய்மானத்தைப் பார்த்தீங்கல்ல? அது அஞ்சு மாசத்து வேலை இல்லைங்க. நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு."

இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மாவு மூட்டையை யாரோ தூக்கி ஓரமாக வைத்ததுபோல் இருந்தது அவருக்கு.

"அது சரி, உங்களுக்கு ஏன் இவ்வளவு தேய்ஞ்சிருக்கு? யாரும் இதுவரைக்கும் உங்ககிட்ட சொன்னதில்லையா?"

"யாருங்க சொல்லுவா? இத்தனை வருஷமா தனியா ஒரு ரூம்ல தூங்கினவன். நான் கடிச்சா கேக்கறதுக்கு ஆள் இல்ல."

டாக்டர் அவருக்கும் ஒரு பல்லுறை செய்து தருவதாகச் சொல்லி அளவெடுத்துக்கொண்டார். மெலிதான, கண்ணாடி மாதிரி ஒரு உறை. பெரியவர்கள் தூங்கும்போது போட்டுக்கொள்ளலாம், வளர்கிற குழந்தைக்கு இப்போது வேண்டாம் என்றார்.

மிளகிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இருவரும் முடிவுசெய்தார்கள். மனைவிக்கு விடுமுறை நாள். தரையில் மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். "நானே சொல்றேன்" என்றார் பேக்கரிக்காரர்.

"கண்ணு, அன்னிக்கு டாக்டர் சொன்னாங்கல்ல, பல்லுக் கடிக்கிறது என்கிட்டேருந்து உனக்கு வந்துச்சுன்னு. அது அப்படி இல்ல. பரம்பரைங்கறது பெத்தவங்ககிட்டேருந்து வர்றது. நான் அப்புறம்தானே வந்தேன்?"

மிளகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள்.

"டாக்டர் பொய் சொன்னாங்களா?"

"இல்ல. அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச நான் சொல்லாம விட்டுட்டேன்."

"ஏன் விட்டீங்க?"

"எனக்கு அதைக் கேக்க நல்லா இருந்துச்சு."

மிளகு எழுந்து போய்த் தன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். அன்று முழுவதும் யாரையும் "இங்க பாருங்க" என்றுகூடக் கூப்பிடவில்லை. மத்தியானம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேக்கரிக்காரருக்குத் தூக்கம் வரவில்லை. அவளுடைய பற்கள் அரைபடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். எழுந்து கன்னத்தைத் தடவிவிடக் கை துடித்தது. எழுப்பக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து கையைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் அம்மா சற்று முன்னதாகவே வந்துவிட்டாள். மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது மிளகு திடீரென்று கேட்டாள்.

"சளி பரம்பரையா?"

"இல்ல" என்றார் பேக்கரிக்காரர். "சளி ஒட்டிக்கும்."

"ஒரே ரூம்ல தூங்கினா ஒட்டிக்குமா?"

"ஒட்டிக்கும்."

"அப்போ பல்லுக் கடிக்கிறதும் ஒட்டிக்கிட்டதுதான்."

அவருக்குப் பகீரென்றது. மறுபடி முதலிலிருந்தா? "அது ஒட்டிக்காதும்மா கண்ணு. என்கிட்டேருந்து உனக்கு..."

"உங்ககிட்டேருந்து எனக்கு இல்ல." மிளகுக்கு இவ்வளவு மக்காக ஒரு பெரிய மனுஷர் இருப்பாரா என்று எரிச்சல் வந்தது. "என்கிட்டேருந்து உங்களுக்கு. நான்தானே இந்த ரூம்ல முதல்லேருந்து இருக்கேன்? நீங்க அப்புறம்தானே வந்தீங்க? நீங்கதானே நேத்து சொன்னீங்க?"

அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. இருமலும் சிரிப்புமாகக் கண்ணில் தண்ணீர் வழிய, தலையைத் தட்டிக்கொண்டே, "நல்லா வேணும் உங்களுக்கு" என்றாள்.

"அப்படியா?" என்றார் பேக்கரிக்காரர். "ஒட்டிக்கிட்டா போகுமா?"

"போகாது" என்றாள் மிளகு, தீர்மானமாக. பிறகு இரக்கப்பட்டு, "கொஞ்சம் கொஞ்சமா வேணா போகும்" என்றாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் வேறு மாதிரி. வயதானவர், பெரிய குரல். நோயாளிக்குக் காது கேட்காது என்ற முடிவிலேயே எல்லோரிடமும் பேசுவார்.

"பாப்பா! கூட வந்திருக்கறது யாரு?"

மிளகு திரும்பிப் பேக்கரிக்காரரை மேலும் கீழும் பார்த்தாள். "இவரும் பல்லைக் கடிப்பாரு" என்றாள்.

"நான் அதைக் கேக்கல! உனக்கு யாருன்னு கேட்டேன்!"

"எங்க ஆளு" என்றாள் மிளகு.

"அவ அம்மாவைக் கல்யாணம் பண்ணியிருக்கேங்க" என்று பேக்கரிக்காரர் இந்தத் தடவை கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். சொல்லும்போதும் அவர் முகத்தில் சிரிப்பு நின்றது. எங்க ஆளு! அதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்?

படம் எடுத்துப் பார்த்ததில் மூக்குக்குப் பின்னால் சதை வீங்கித்தான் இருந்தது. கத்தி வைக்க வேண்டியதில்லை, மூக்கில் அடிக்கிற மருந்தை விடாமல் போட்டுப் பார்ப்போம் என்றார் டாக்டர். தினமும் மத்தியானம் படுக்கும்முன் அது ஒரு போராட்டம். மிளகு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். பேக்கரிக்காரருக்குப் பல்லுறை வந்து சேர்ந்த பிறகு ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. அவள் மூக்கைக் காட்டினால் அவர் உறையை மாட்டிக்கொள்வார். உறையைப் போட்டுக்கொண்டு அவர் பேசுவதைக் கேட்பது மிளகுக்கு அந்த நாளின் பெரிய வேடிக்கை. "தூங்கு மிழகு" என்பார். "ஒழுங்கா சொல்லுங்க" என்று அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே தூங்கிவிடுவாள்.

பன்னும் மாறியது. மேல்தோல் மிருதுவாக இருக்கும்படி வெந்ததும் ஈரத்துணி போட்டு மூடி எடுத்துவந்தார். பேக்கரி முதலாளி, "இதென்ன, பல்லு இல்லாதவங்களுக்கா?" என்று கேலி செய்தார். "பல்லு நெறைய வேலை செய்யறவங்களுக்கு" என்றார் இவர்.

சத்தம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. சில மத்தியானங்களில் பழையபடி அரைத்தாள். சில நாட்கள் லேசாக ஆரம்பித்து ஓய்ந்துவிடும். பள்ளியில் ஏதாவது வம்பு என்றால் அன்று அதிகமாகும். ஆனாலும் காலையில் எழுந்து கன்னத்தைப் பிடித்துக்கொள்வது குறைந்தது. காதைத் தேய்ப்பது நின்றது. ஒருநாள் மிளகு கேரட்டைக் கடித்துக்கொண்டே வீட்டுக்குள் சுற்றியதைப் பார்த்துவிட்டு அம்மா, கடைக்கு நேரமானதுகூடத் தெரியாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

மறுபரிசோதனைக்குப் பேக்கரிக்காரரே கூட்டிக்கொண்டு போனார். "வீக்கம் வத்தியிருக்கு! மருந்தைக் குறைக்கலாம்!" என்று பெரிய டாக்டர் மருத்துவமனைக்கே கேட்கும்படி அறிவித்தார். பல் டாக்டரும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு புதிதாகத் தேய்மானம் தெரியவில்லை, கீழ்வரிசையில் ஒரு பல் ஆட ஆரம்பித்திருக்கிறது, அடியில் புதுசு காத்திருக்கிறது என்றார். மிளகு அங்கேயே பல்லை ஆட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் சாய்ந்து சீட்டில் விழுந்திருந்தது. கொஞ்ச தூரம் கடைகளின் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தவள், குரல் தேய்ந்து, அவர் கை மேல் சாய்ந்தாள். பேக்கரிக்காரர் குனிந்து பார்த்தார். உதடுகள் மூடியிருந்தன. மூக்கு வழியாக மூச்சு சீராக வந்து போனது. தாடை அசையவில்லை. அப்படி அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. சட்டைக் கையில் எச்சில் ஒழுகி ஈரம் பரவியது. இத்தனை வருஷத்தில் தன் மேல் சாய்ந்து யாராவது தூங்கியிருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. நாலு பேர் இறங்கினார்கள், இரண்டு பேர் ஏறினார்கள். பேக்கரிக்காரர் கையை அசைக்கவில்லை. பஸ் கிளம்பியது.

சற்று நேரத்தில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இடது கையால் பாடுபட்டு எடுத்தார்.

"எங்க இருக்கீங்க? நான் வீட்டுக்கே வந்துட்டேன். டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லாயிடுச்சாம்" என்றார் ரகசியக் குரலில்.

"ஏன் இவ்வளவு மெதுவா பேசுறீங்க? எங்கதான் இருக்கீங்க?"

பேக்கரிக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரியாத ஒரு பெரிய மைதானம், தெரியாத ஒரு பாலம், துணி காயப் போட்ட தெரியாத மாடிகள்.

"தெரியலம்மா. தூங்குறா. கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு இதே பஸ்ஸுல திரும்பி வர்றோம். நீ சாப்பிடு."